ஐகன் மாறினால் கோப்பு அழிந்ததாக அர்த்தமில்லை

தருமபுரத்திலிருந்து ஓர் அக்கா, கொம்பியூட்டரின் சிபியுவைச் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. எக்ஸெல் கோப்புகளின் பச்சை ஐகன் காணாமல் போய், எல்லாம் வெறும் வெள்ளைத்தாள் படமாகத் தெரிந்தன. "எல்லாம் அழிஞ்சு போச்சு தம்பி. ஃபோர்மட் பண்ணத்தான் வேணும் எண்டு சொல்லுகினம்" என்றார்.

ஒரு கணக்கும் அழியவில்லை. வேர்ட், எக்ஸெல், பிடிஎஃப் கோப்புகளுக்குள் ஐகன் என்று எதுவும் கிடையாது. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை, அதாவது எக்ஸ்டென்ஷனை, விண்டோஸ் பார்க்கும். அந்த வகைக் கோப்பைத் திறக்க எந்த மென்பொருள் குறிக்கப்பட்டிருக்கிறதோ, அதற்குரிய படத்தைக் காட்டும். அக்காவின் வீட்டில் யாரோ வேறொரு ஆபீஸ் மென்பொருளை ஏற்றிப் பார்த்துவிட்டு நீக்கியிருந்தார்கள். அதோடு எக்ஸெலுக்கு இருந்த தொடர்பும் அறுந்துவிட்டது.

ஆகவே ஐகனுக்காக ஃபோர்மட் செய்வது, அதாவது டிஸ்க்கில் உள்ளதை முழுதாகத் துடைத்துவிடுவது, எல்லாவற்றிலும் பெரிய தவறு. இடம்பெயர்வில் தப்பிய ஓரிரு குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து கொம்பியூட்டரில் வைத்திருக்கும் வீடுகள் வன்னியில் உண்டு. ஒரு சின்னப் படம் மாறியதற்காக அவற்றை இழக்கக் கூடாது.

அடுத்த தவறு, எக்ஸ்டென்ஷனையே மாற்றி எழுதுவது. பிடிஎஃப் கோப்பின் பெயர்க் கடைசியை வேர்டுக்குரியதாக மாற்றினால் வேர்ட் ஐகன் வரும், உள்ளே இருப்பது பிடிஎஃப்தான். பிறகு திறக்கும்போது கோப்பு பழுது என்று செய்தி வரும், அப்போதுதான் உண்மையான பயம் தொடங்கும். மாற்றியிருந்தால் பழைய எழுத்துகளையே திரும்ப இடுங்கள், கோப்பு பழையபடி திறக்கும்.

சரியான வழி சுலபமானது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்', அதற்குள் 'சூஸ் அனதர் அப்'. உரிய மென்பொருளைத் தெரிவுசெய்து, எப்போதும் அதையே பயன்படுத்தும்படி 'ஓல்வேஸ்' கொடுக்க வேண்டும். இங்கே அவசரம் வேண்டாம். படக் கோப்புக்குத் தவறுதலாக நோட்பேடைக் கொடுத்து 'ஓல்வேஸ்' என்று விட்டால், அந்த வகைப் படங்கள் அத்தனையும் நோட்பேட் ஐகனுக்கு மாறிவிடும். மாறினாலும் இதே வழியில் திருத்தலாம். அக்காவின் கோப்புகளுக்கு எக்ஸெலைக் காட்டியதும் எல்லாம் ஒன்றாகப் பச்சைக்குத் திரும்பின.

பென் டிரைவில் ஐகன் மாறியிருந்தால் விஷயம் வேறு, அங்கே கவனம் கூடுதலாக வேண்டும். ஒப்படையை அச்செடுக்கத் தொடர்பாடல் நிலையத்துக்குப் போகும் பிள்ளைகளின் பென் டிரைவ் எத்தனையோ கொம்பியூட்டர்களில் ஏறி இறங்குகிறது. சில வைரஸ்கள் போல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் மூலையில் சிறு அம்புக்குறியோடு சோர்ட்கட்டை உருவாக்கி வைக்கும். இன்னும் சில, போல்டர் படத்தைப் போட்டுக்கொண்ட புரோகிராம்கள். அதை டபிள் கிளிக் செய்து பார்ப்பதுதான் தவறு, அந்த நொடியில் வைரஸ் உங்கள் கொம்பியூட்டருக்கும் வந்துவிடலாம். இந்த ஏமாற்று எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும் விண்டோஸின் வழக்கத்தால் இலகுவாக நடக்கிறது. ஆகவே போல்டர் ஜன்னலின் மேலே உள்ள 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்', 'ஹிடன் ஐட்டம்ஸ்' இரண்டையும் தெரியும்படி வையுங்கள். அப்படியும் போல்டர் தெரியாவிட்டால், 'போல்டர் ஒப்ஷன்ஸ்' உள்ளே பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் குறியை எடுத்துவிடுங்கள். முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரால் பென் டிரைவை முழுதாகச் சோதித்து, பிறகு உங்கள் கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் குறியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

திறக்கும் மென்பொருள் சரியாக இருந்தும் படம் மட்டும் பிழையாக நின்றால், விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் ஐகன் தொகுப்பு பழுதாகியிருக்கலாம். கரண்ட் போய்ச் சட்டென்று நின்ற கொம்பியூட்டரிலும் இது நேரக்கூடும். முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரிவராவிட்டால் அந்தத் தொகுப்பை அழிக்கலாம், விண்டோஸ் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது பயனரின் அப்டேட்டா போல்டரில், லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், எக்ஸ்புளோரர் என்று உள்ளே போனால் 'ஐகன்கேஷ்' என்று தொடங்கும் கோப்புகளாக இருக்கும். அழிப்பதற்காக டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை, அதாவது டெஸ்க்டொப்பையும் போல்டர்களையும் காட்டும் புரோகிராமை, நிறுத்தியதும் டெஸ்க்டொப் வெறுமையாகும். பயந்து பிளக்கைப் பிடுங்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரிலேயே 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லாம் திரும்பி வரும்.

அப்புறம், 'ஒரே கிளிக்கில் ஐகன் திருத்தம்' என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருள்களை இறக்க வேண்டாம். இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் தேவையானது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.