போதையிலிருந்து மீளும் மகளுக்கு அம்மா என்ன செய்யலாம்?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் காலை நேரத்தில் நாசி லெமாக்கும் வடையும் விற்கிறவள். அதற்கு முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். என் மகள் சியாபு (மெத்தம்பெட்டமின்) என்ற போதைப்பொருளிலிருந்து மீண்டு வருகிறாள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். கடைக்கு வரும் பெண்களில் சிலர் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, "அக்கா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

மகள் எதை எடுத்தாள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றும் உடம்பை ஒவ்வொரு விதமாகப் படுத்தும். தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்து உடம்பு அதற்குப் பழகிவிட்டவளை அறையில் பூட்டிவைத்துத் திருத்தப் பார்க்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்துத்தான் அதைக் கடக்க வேண்டும். ஹெராயின் என்றால் மெத்தடோன் என்ற மாற்று மருந்து உண்டு. 2005 முதல் நம் அரசாங்கம் கொடுத்து வருகிறது. "ஒன்றை விட்டு இன்னொன்றா?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். மருத்துவர் அளந்து கொடுக்கும் அந்த மருந்து உடல்வலியையும் தவிப்பையும் அடக்கி, அவளை வேலைக்குப் போக வைக்கும். மகள் கர்ப்பமாக இருந்தால் யார் பேச்சைக் கேட்டும் மெத்தடோனைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது.

சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அவள் தூங்கிக்கொண்டே இருப்பாள். எழுந்தால் பசி பசி என்பாள். தூங்கட்டும், சாப்பிடட்டும். அதற்குப் பிறகு வருவதுதான் கடினமான காலம். மூளையில் மகிழ்ச்சியைத் தூண்டும் டோபமினைச் சியாபு அளவுக்கு மீறிச் சுரக்க வைத்திருக்கும். அது நின்ற பிறகு, பிடித்த சாப்பாடு, தீபாவளிப் புதுத்துணி, பெற்ற பிள்ளையின் சிரிப்பு எதுவுமே அவளுக்கு உறைக்காது. மாதக்கணக்கில் இப்படி இருக்கும். அம்மாக்களுக்கு "இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறாய்?" என்று கேட்கத் தோன்றுவது இந்த நேரத்தில்தான். கேட்காதீர்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, காயம் ஆறுகிற காலம். தொடங்கினால் சீக்கிரம் முடிகிற சிறு வேலையாகக் கொடுங்கள். என் மகள் வாழையிலை துடைத்து வைப்பாள், வெங்காயம் உரிப்பாள். முடித்ததும் அவள் போக்கில் விட்டுவிடுவேன்.

சாக வேண்டும் என்று பேசினாலோ, யாரோ காதில் பேசுகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று பயந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நம் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே கேலி செய்வார்கள். அங்கிருக்கும் பஹாகியா மருத்துவமனை மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடம். நெஞ்சுவலிக்கு ஈப்போ மருத்துவமனைக்குப் போக வெட்கப்படாத நாம், இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

போலீஸ் பயத்தில் எங்கேயும் போகாமலே இருக்கும் குடும்பங்கள் பல. ஏஏடிகே என்ற தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்திடம் தானாகப் போய்ச் சிகிச்சை கேட்கலாம். போதைக்கு அடிமையானவர்களுக்கான 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் பார்க்க ஒரு ரிங்கிட், சிறப்பு மருத்துவரிடம் ஐந்து ரிங்கிட். அவளுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும். அவள் தயங்கினாலும் நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். சில விஷயங்களை அம்மா எதிரில் எந்தப் பெண்ணாலும் சொல்ல முடியாது, "நான் வெளியே உட்காரட்டுமா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

இனிப் பணம். மகள் மீது பாசம் இருந்தால் கையில் காசு கொடுக்காதீர்கள். பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுங்கள், டெலிபோன் பில்லை நீங்களே கட்டுங்கள், பேரப்பிள்ளைக்குப் பால்மாவை நீங்களே வாங்குங்கள். நகையை வீட்டில் வைக்காதீர்கள். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வட்டிக்காரன் வாசலில் வந்து கத்தினால் பயந்துபோய் உங்கள் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து அடைக்காதீர்கள். போலீசில் புகார் செய்யுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் உங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் மகளுக்குச் சோறு போடவும் ஆள் இருக்காது.

எங்கள் வீட்டில் சட்டம் இரண்டுதான். போதைப்பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது. அதை எடுக்கிறவர்களும் வரக்கூடாது. அவள் தெளிவாக இருந்த ஒரு பகல் பொழுதில், இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சண்டைக்கு நடுவில் போடுகிற சட்டம் நிற்காது. அவளுடைய பையைத் தினமும் கிளறிப் பார்க்கும் வேலையை நான் வைத்துக்கொள்ளவில்லை. கிளறினால் அவள் இன்னும் நன்றாக ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் அடி கிடையாது, ஏச்சு கிடையாது.  மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெண் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பெரும்பாலும் நெருக்கமான ஒருவன் கையால்தான் வந்து சேர்கிறது. காதலன், கணவன், அவர்களுடைய கூட்டாளி. அவனை நீங்கள் திட்டத் திட்ட அவள் அவன் பக்கம்தான் சாய்வாள். "அவன் அடித்தானா? அவனிடம் போக உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் ஒரு வாரம் கழித்துக்கூட வரும்.

"கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று கோயிலிலும் கருமாதி வீட்டிலும் யோசனை சொல்ல வருவார்கள். இதை மட்டும் நான் கடுமையாகவே மறுப்பேன். விஷயத்தை மறைத்து ஒரு பையன் தலையில் கட்டிவைப்பது அவனுக்கும் துரோகம், நம் பெண்ணுக்கும் துரோகம். புது வீடு, புது மாமியார், வாய்விட்டுச் சொல்ல முடியாத ரகசியம். மறுபடியும் போதையைத் தேட இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். நேர்த்திக்கடன் வையுங்கள், பால்குடம் எடுங்கள், நானும் எடுத்தேன். ஆனால் கிளினிக்குக்குப் போகிற நாளைத் தவற விடாதீர்கள். "மகள் எங்கே காணோம்?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்வது: "உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கிறோம்." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பேரப்பிள்ளை இருந்தால் நீங்கள்தான் வளர்ப்பீர்கள், தெரியும். ஆனாலும் இரவில் தலைவாரிப் பின்னுவதோ, பள்ளிப் பையை அடுக்குவதோ, ஒரு வேலையை அவளுக்கென்று விட்டுவையுங்கள்.

மறுபடியும் எடுத்துவிடுவாள். எல்லாரும் அல்ல, ஆனால் பலர். அன்றைக்கு "என் வயிற்றில் பிறந்தாயே" என்று மார்பில் அடித்துக்கொள்ளாமல், "சொன்னது நல்லது. எப்போது எடுத்தாய்? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? நாளைக்குக் கிளினிக்குக்குப் போவோமா?" என்று கேளுங்கள். ஹெராயின் எடுத்தவளுக்கு இதில் பெரிய ஆபத்து உண்டு. கொஞ்ச காலம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவையே எடுத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். உதடு நீலம் பாய்ந்து, எழுப்பியும் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். எதை எடுத்தாள் என்பதை வருகிறவர்களிடம் மறைக்காதீர்கள்.

உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். வீட்டில் யாரும் இல்லையென்றால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி 15999, மனநல உதவிக்கு 15555. அழுகை வந்தால் அழுதுகொண்டே பேசுங்கள், அவர்கள் கேட்பார்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். மகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளிலேயே உங்களுக்கும் ஓர் எண் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருங்கள்.