"கொஞ்சம் ஏறியே இருக்கட்டும்": பிள்ளையின் மூளை கொடுக்கும் விலை

டைப் 1 சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஊசி மாற்ற மறப்பது, குறிப்பேடு எழுதாமல் விடுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். படிப்பில் கைவைக்கும் தவறுகள் அப்படித் தானாகச் சரியாவதில்லை. பழைய குடும்பங்கள் செய்ததையே புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்க்கிறேன்.

தாழ்சர்க்கரைக்குப் பயந்து ஏற்றியே வைப்பது

ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஓர் இரவு சர்க்கரை இறங்கி வலிப்பு வந்தது. அதற்குப் பிறகு இரத்தச் சர்க்கரை 250 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் தாய் அவளைத் தூங்கவே விடவில்லை. "இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறேன்" என்றார். வகுப்பில் கவனம் சிதறுகிறது, நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை என்று ஆசிரியை சொன்னபோது, பிள்ளைக்குச் சோம்பல் என்றே நினைத்தார்.

தாயை நான் குறை சொல்லவில்லை. வலிப்பைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். சின்ன வயதில் கடுமையாக இறங்கும் சர்க்கரை மூளைக்கு ஆபத்து என்பதும் உண்மை. எனக்குக் கோபம் வருவது, "கொஞ்சம் ஏறியே இருக்கட்டும்" என்று இன்றைக்கும் சொல்லி அனுப்புகிறவர்கள் மீது. ஒரு காலத்தில் அதுவே வழிகாட்டுதலாக இருந்தது. 2005இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7.5 முதல் 8.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றது. 2014இல் எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் 7.5க்குக் கீழே என்று மாற்றிவிட்டது. அறிவுரை மட்டும் பழையதாகவே சுற்றிவருகிறது.

ஐந்து வயதையொட்டி, உடல் செலவிடும் ஆற்றலில் 40 சதவீதத்துக்கு மேல் மூளைக்கே போகிறது. அதன் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகளை எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், இந்த நோய் உள்ளவர்களுக்கு மூளையின் சில பகுதிகள் மெதுவாக வளர்ந்தது தெரிந்தது. நீண்டகாலம் ஏறியிருந்த சர்க்கரையோடு அது தொடர்புபட்டிருந்தது. சராசரியாகப் பார்த்தால் அறிவுத்திறன் வேறுபாடு சிறியதுதான். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். அதற்காகத் தெரிந்தே ஏற்றி வைப்பது நியாயமாகிவிடாது.

இரவில் இறங்குகிறது என்றால் மருத்துவரோடு பேசி இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். முடிந்தவர்கள் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து அலாரம் அடிக்கும் சென்சார் பொருத்தலாம். நாளின் பெரும்பகுதி 70க்கும் 180க்கும் இடையில் இருக்கட்டும். அந்தத் தாய் சென்சாரை நம்பிப் படிப்படியாகக் குறைத்தார். முதல் சில வாரங்கள் அவருக்குத் தூக்கமே இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

குளுக்கோஸ் கொடுத்த கையோடு தேர்வெழுத அனுப்புவது

இறங்கிய சர்க்கரை ஏறி, எண் 70ஐத் தாண்டிய பிறகும் கவனம் திரும்பச் சிறிது நேரமாகும். காத்திருங்கள்.

வாந்தியை வயிற்றுக் கோளாறு என்று விடுவது

உடனே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். அது மிகுந்து இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வந்துபோன பிள்ளைகளுக்கு நினைவாற்றல் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

"படிப்பு வராது" என்று முடிவு கட்டுவது

மிகவும் ஏறினாலும் இறங்கினாலும் கணக்குப் போடும் வேகம் குறையும். அந்த நேரத்து மதிப்பெண்ணைப் பிள்ளையின் திறமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை சீரான பிறகும் தடுமாற்றம் நீடித்தால் உளவியல் நிபுணரிடம் நினைவாற்றலையும் கவனத்தையும் சோதித்துப் பார்த்து, அந்த அறிக்கையோடு தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள்.