றிஹாப் வாட்டில் தாதி வேலை: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து பிரித்தானியா வருபவர்களுக்கு

'புனர்வாழ்வு' என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். பிரித்தானிய விளம்பரங்களில் வரும் 'றிஹாப் நேர்ஸ்' வேறு சங்கதி. பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம், மூளைக் காயம், இடுப்பெலும்பு முறிவு இவற்றில் உயிராபத்தைத் தாண்டியவர் திரும்ப எழும்பவும் உடுக்கவும் சாப்பிடவும் பழகும் வாட்டில் தாதி வேலை அது.

விண்ணப்பிக்க முதல் பதவிப் பெயரைப் பாருங்கள். 'றிஹாப் அசிஸ்டன்ட்' என்றால் உதவியாளர் வேலை. தாதிப் பதிவு தேவையில்லை, சம்பளமும் குறைவு. தாதியாக நிற்க பிரித்தானியத் தாதியர் பதிவுச் சபையான என்எம்சியின் பதிவு எண் வேண்டும். அது கிடைத்தபின் அரச வைத்தியசாலையில் பெரும்பாலும் பான்ட் 5 எனும் சம்பளப் படியில் தொடங்குவீர்கள். மட்டக்களப்புத் தாதியர் கல்லூரிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் ஆங்கிலத் தகுதி, கணினிப் பரீட்சை, ஒஸ்கி எனும் செய்முறைப் பரீட்சை மூன்றும் முடியவேண்டும்.

ஊரில் நோயாளியைத் துடைப்பதும் ஊட்டுவதும் கக்கூசுக்குக் கூட்டிப்போவதும் பெரும்பாலும் கூட நிற்கிற சொந்தக்காரர் பாடு. இங்கே அது வாட் ஆட்களின் பாடு, நீங்களும் சேர்த்துத்தான். அதிலும் ஒரு சிக்கல். ஓடிப்போய் எல்லாம் செய்து கொடுக்கும் கை, ஊரில் 'நல்ல மிஸ்' என்று பெயர் வாங்கிய கை, இங்கே நோயாளியைப் பின்னுக்கு இழுக்கும். பாரிசவாதம் வந்தவருக்கு வாரத்தில் குறைந்தது 5 நாள், நாளுக்கு 3 மணித்தியாலமாவது பயிற்சி என்பது இங்கத்தைய மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸ் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல். அந்த 3 மணித்தியாலத்தில் பயிற்சியாளர் பழக்கியதை மீதி 21 மணித்தியாலத்தில் காப்பாற்றுவது தாதி. ஒருவர் 20 நிமிடமாகச் சேட் பொத்தானோடு மல்லுக்கட்டுகையில் கை நீட்டாமல் நிற்பதுதான் முதல் மாதத்தில் கஷ்டம்.

உடுப்புப் போடும்போது வழங்காத கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். வழங்காத கையைப் பிடித்தோ கக்கத்துக்குள் கை கொடுத்தோ தூக்கவே கூடாது. அந்தத் தோளைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கி, மாதக்கணக்கில் நோகும்.

விழுங்குவதில் இன்னும் கவனம். தண்ணீரும் தேத்தண்ணியும் தடிப்பாக்கித்தான் சிலருக்குக் கொடுக்கப்படும். பானமும் சாப்பாடும் எவ்வளவு தடிப்பு என்று காட்டும் ஐடிடிஎஸ்ஐ என்ற 0 முதல் 7 வரையான படிகளில் அவருடைய படி கட்டிலருகே எழுதியிருக்கும். 'கஞ்சி பதம்' என்று கண்ணால் மதிக்கவேண்டாம். 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் நிரப்பி 10 செக்கன் ஒழுகவிட்டால், 2 ஆம் படிப் பானம் 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை மிஞ்சும். பார்க்க வரும் உறவினர் போத்தலில் கொண்டுவரும் சூப்புக்கும் அதே கணக்குத்தான். குடித்தது இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆட்களும் உண்டு, ஆகவே 'இருமவில்லைத்தானே' என்பது சாட்சியல்ல.

முள்ளந்தண்டு வாட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனப்பாடமாக வைத்திருங்கள். நெஞ்சு மட்டத்தின் 6 ஆம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயமானவருக்கு, கீழே ஏதாவது உறுத்தினால் பிறஷர் திடீரென்று ஏறும். மண்டை இடிக்கும், காயத்துக்கு மேலே வியர்த்து முகம் சிவக்கும். இவர்களுடைய வழமையான மேல் அளவே 90 முதல் 110 வரை. ஆகவே 140 ஐப் பார்த்துவிட்டு 'பெரிதாக இல்லை' என்று நகர்வதுதான் வழமையான பிழை. அவருடைய வழமைக்கு மேலே 20 தொடக்கம் 40 ஏறினாலே ஆபத்து. விட்டால் மூளையில் இரத்தம் கசியலாம். உடனே நிமிர்த்தி இருத்தி, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். பிறகு சிறுநீர் வடிக்கும் கதீட்டர்: குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா, அடைத்துவிட்டதா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அதில் இல்லையென்றால் மலச்சிக்கல், பிறகு படுக்கைப் புண், உள்ளே வளரும் கால்நகம். காரணம் தீரும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை பிறஷர் பார்த்துக்கொண்டே டொக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

தூக்குவதெல்லாம் மெசின்தான். ஹொயிஸ்ட் எனும் அந்த மெசினுக்கு இருவர் வேண்டும். நோயாளியைத் தாங்கும் ஸ்லிங் துணியின் அளவை அதிலுள்ள சீட்டில் வாசியுங்கள். நிறத்தை நம்பக்கூடாது, கொம்பனிக்குக் கொம்பனி நிறம் மாறும். 'கெதியா ரெண்டு பேரா கையாலயே தூக்கிடுவம்' என்பது நாரி போகும் வழி, விசாரணையும் வரும்.

நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வராது. எப்படிக் கூப்பிடவேண்டும் என்று முதல் நாளே அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள்.

எழுத்துத்தான் கடைசிப் பாடு. 'நடந்தார்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'வோக்கர் பிடித்து, ஒருவர் துணையுடன், கட்டிலிலிருந்து கக்கூசுவரை, நடுவில் ஒருமுறை இருந்தார்' என்று எழுதவேண்டும். வாராந்தக் கூட்டத்தில் வைத்தியரும் பயிற்சியாளரும் சமூகசேவையாளரும் இதைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நாளுக்கு எத்தனை தடவை, எத்தனை உதவியாளர் வரவேண்டும் என்ற கணக்கில் உங்கள் வரியும் இருக்கும். இரவில் இருவர் பிடித்ததை எழுத மறந்தால், வீட்டில் ஒருவர் மட்டுமே வந்து நிற்பார்.