சைக்கிளில் கருவிப் பை கட்டுவது எப்படி: மாற்று டியூபைக் காப்பாற்றுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டியதும் என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. எட்டு மாதமாகச் சுமந்து திரிந்த மாற்று டியூபை எடுத்து மாட்டினேன். எவ்வளவு அடித்தும் காற்று நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால், மடிப்பின் ஓரத்தில் ரப்பர் தேய்ந்து மிளகளவு ஓட்டை. பையில் கூடவே கிடந்த ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) கொத்து ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த இடத்தையே உரசியிருக்கிறது. ஒட்டுப்போடலாம் என்றால், என்றோ ஒருமுறை திறந்த சொல்யூஷன் காய்ந்து போயிருந்தது. பஞ்சர் கடைகள் திறக்காத நேரம். கோவளம் வரை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

ஆகவே முதல் வேலை டியூப். டயரின் பக்கவாட்டில் 700×28 என்பதுபோல் அளவு இருக்கும். டியூப் அட்டையில் போட்டிருக்கும் அளவுகளுக்குள் அது அடங்க வேண்டும். வால்வையும் பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளையிட்ட ரிம்மில் தடித்த ஷ்ரேடர் நுழையாது.

இனி, பலர் தாண்டிப்போகும் படி. புது டியூபை அட்டைப்பெட்டியோடு பையில் திணிக்காதீர்கள். கொஞ்சம் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிச் சோதியுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். வால்வைத் திறந்து, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்தால் காற்று முழுவதும் வெளியேறிவிடும். வால்வை மூடி, அதன் மூடியையும் போடுங்கள். மேலே சிறிது முகப்பவுடர் தூவி, பழைய பருத்திக் காலுறைக்குள் செருகுங்கள். கருவிகளைத் தனியே ஒரு துணியில் சுற்றுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கப் பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு; இரும்பு லீவர் டியூபைக் கிள்ளிவிடும். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ. தொலைதூரம் போகிறவர்களுக்குச் செயின் கழற்றியும், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்றும். ஒட்டுப்போடும் பெட்டியில் திறக்காத சொல்யூஷன் மட்டுமே இருக்கட்டும். ஒருமுறை திறந்ததை வீட்டில் வைத்துக்கொண்டு புதியதைப் பையில் போடுங்கள்.

பம்பு விஷயத்தில் என் கட்சி கைப்பம்புதான், அதுவும் ரப்பர் குழாய் வைத்தது. குழாய் இல்லாதது அடிக்க அடிக்க ஆடி வால்வை வளைத்துவிடும். கரியமில வாயுக் குப்பி வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு குப்பி ஒரு டயருக்குத்தான். அந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால் மறுநாள் மீண்டும் காற்றடிக்க வேண்டிவரும்.

வழியில் டியூப் மாற்றும்போது அவசரப்படாதீர்கள். சீமைக்கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நின்றுவிடும். புது டியூபையும் அதுவே குத்தும். டியூபைச் சுற்றிய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு டயரின் உட்புறத்தை ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் இருந்தால் நூல் சிக்கும், விரலும் தப்பும்.

பிற்சேர்க்கை 1: சக்கரத்தை நட்டுப் போட்டு முடுக்கிய சைக்கிளுக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதை எழுதாமல் விட்டது என் தவறு. ஸ்பேனர் இல்லாவிட்டால் சக்கரமே கழலாது. பெரும்பாலும் 15 மி.மீ. பொருந்தும், வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: பஞ்சர் கடைக்காரரின் குழாய் பிரெஸ்டா வால்வில் பொருந்தவில்லை என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இதற்குச் சுண்டுவிரல் நுனியளவில் பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. நான் அதை வால்விலேயே திருகி வைத்திருக்கிறேன். காற்று பிடிக்கும்போது அடாப்டரைக் கழற்றி, வால்வின் நுனித் திருகைத் தளர்த்திவிட்டு மீண்டும் மாட்டுங்கள். கம்ப்ரஸர் காற்று வேகமாக ஏறும்; விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.