ட்ரையர் ஓடலையா? மோட்டாரைக் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் ட்ரையர்னு சொல்றது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்ல துணியைப் பிழியுற அந்த ஸ்பின் டப்பைத்தான், நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் அதுக்குப் பேரு ட்ரையர்தான். பத்து பன்னெண்டு வருஷம் ஓடின மெஷின்ல இந்தப் பக்கம் படுத்துச்சுன்னா பல நேரம் பிரச்சினை மேல பேனல்ல இருக்குற டைமர்லயோ மூடிக்குக் கீழ இருக்குற சுவிட்ச்லயோதான் இருக்கும்.

போன வாரம் கடைக்கு வேலை பழக வந்த தம்பி ஒரு மெஷினைத் திறந்து, மீட்டரை பஸ்ஸர்ல (கரண்ட் போற பாதை அறுபடாம இருந்தா பீப்னு கத்துற செட்டிங்) வச்சு டைமரோட ரெண்டு வயரையும் தொட்டான், பீப்னு கத்துச்சு. "டைமர் நல்லா இருக்குண்ணே, மோட்டார்தான் போச்சு"ன்னான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, ஏன்னா இதே வார்த்தையை நானும் ஒரு வீட்ல நின்னுக்கிட்டு சொல்லியிருக்கேன். பிளக்கைப் புடுங்கிட்டு கை வைங்க, கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கங்கன்னு சொல்றதுக்கெல்லாம் ஆயிரம் பேர் இருக்காங்க, நான் அதை விட்டுட்டு நாம பண்ற மத்த தப்புகளை ஒவ்வொண்ணா சொல்றேன்.

பஸ்ஸர் கத்துச்சுன்னா டைமர் நல்லா இருக்குன்னு நம்புறது

தொழிலுக்கு வந்து ரெண்டாவது வருஷம், ஐப்பசி அடைமழை நேரம். இட்லிக் கடை நடத்துற ஒரு அக்கா வீட்ல ட்ரையர் ம்ம்னு உறுமுது, சுத்த மாட்டேங்குது. வீடு பூரா கொடி கட்டி ஈரத்துணி தொங்குது, பிள்ளைங்க யூனிஃபார்ம் அடுப்புப் பக்கத்துல காயுது. நான் டைமரை பஸ்ஸர்ல பார்த்தேன், கத்துச்சு. மூடி சுவிட்சைப் பார்த்தேன், அதுவும் கத்துச்சு. மோட்டார் ஸ்டார்ட் ஆக உதவுற கெப்பாசிட்டர் புதுசு போட்டேன், அப்பவும் உறுமல்தான். அப்புறம் மோட்டார் வைண்டிங் (உள்ள சுத்தியிருக்குற கம்பி) போயிடுச்சுக்கான்னு சொல்லி புது மோட்டார் வாங்கிப் போட்டு கூலியோட சேர்த்து 2,400 ரூபா வாங்கிட்டு வந்தேன். அன்னைக்கு நல்லாத்தான் சுத்துச்சு. பதினேழாவது நாள் அதே உறுமல், கூடவே பிளாஸ்டிக் கருகுற வாடை. டைமரைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள இருக்குற பித்தளைத் தகட்டோட முனை மை பூசின மாதிரி கருத்துப்போயி, அதைத் தாங்குற பிளாஸ்டிக் பழுப்பு நிறத்துல உருகி ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. இருநூறு முந்நூறு ரூபா சாமான். அந்த அக்கா என்னைத் திட்டக்கூட இல்ல, "அப்ப அந்தப் பழைய மோட்டாரு நல்லாத்தான் இருந்துச்சா தம்பி"ன்னு மட்டும் கேட்டாங்க. பழைய மோட்டாரை நான் அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டிருந்தேன். மோட்டார் காசை நாலு தவணையா திருப்பிக் குடுத்தேன், ஆனா அந்தக் கேள்வி இன்னும் காதுல நிக்குது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பஸ்ஸர்ல வைக்கும்போது மீட்டர் அனுப்புற கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்குலதான். கருகின கான்டாக்ட்ல, அதாவது அந்தத் தகட்டு முனைல, 20 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாக்கூட நிறைய மீட்டர் பீப்னு கத்தும். ஆனா மோட்டார் ஓடி அதுவழியா ஒரு ஆம்பியர் போச்சுன்னா அந்த 20 ஓம்லயே 20 வோல்ட் நின்னுடும், ஸ்டார்ட் ஆகுறப்ப இழுக்குற கரண்ட் இன்னும் அதிகம், அப்ப இழப்பும் அதிகம். இண்டக்‌ஷன் மோட்டாருக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா ஸ்டார்ட்டிங் இழுவை இருபது சதவீதம் கிட்ட குறைஞ்சுடும், ஈரத்துணி நிறைஞ்ச டப்பை அதால அசைக்க முடியாது, உறுமிட்டு நிக்கும். அந்த 20 வோல்ட்டும் எங்கயும் காணாமப் போகல, கான்டாக்ட் முனைல 20 வாட் சூடா உக்காருது, கிட்டத்தட்ட ஒரு சின்ன சால்டரிங் அயர்னை டைமருக்குள்ள சொருகி வச்ச மாதிரி. பிளாஸ்டிக் உருகாம என்ன செய்யும்?

அதனால லோடுல, அதாவது மோட்டாருக்குக் கரண்ட் போகும்போது, பாருங்க. பிளக்கை எடுத்துட்டு, டைமருக்குப் போற ரெண்டு வயர் ஜாயிண்ட்லயும் மீட்டர் புரோபை கிளிப் போட்டு மாட்டிடுங்க, கையில புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. மீட்டர் ஏசி 750 ரேஞ்சுல இருக்கட்டும். மூடியை மூடி பிளக்கைப் போட்டா, டைமர் ஆஃப்ல இருக்கும்போது 230 கிட்ட காட்டும். டைமரைத் திருப்பினதும் அது சட்டுனு பூஜ்யத்துக்கு வந்துடணும், கூடிப்போனா ஒண்ணு ரெண்டு வோல்ட். 10, 20, 30னு ஆடிக்கிட்டு நின்னுச்சுன்னா டைமர்தான் ஆளு. மூடி சுவிட்சுக்கும் இதேதான், ஆனா டைமரைத் திருப்பி வச்சு மூடியை மூடினப்புறம் காட்டுறதைப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒரே லைன்ல இருக்கு, அதனால ஒண்ணு நல்லா இருக்குன்னு இன்னொன்னை விட்டுடாதீங்க. தம்பியை அப்படியே பார்க்கச் சொன்னேன், 34 வோல்ட் காட்டுச்சு. கையில எடுத்த ஸ்பேனரைக் கீழ வச்சுட்டான்.

அது சரி, நான் போட்ட புது மோட்டார் எப்படி பதினேழு நாள் ஓடுச்சு? டைமரைக் கழட்டி மாட்டி நாலு தடவை திருப்பினதுல கான்டாக்ட் உரசி கொஞ்சம் கரி உதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். வேலை முடிஞ்ச அன்னைக்கு ஓடுறதை வச்சு நாம கண்டுபிடிச்சது சரின்னு முடிவு பண்ணவே கூடாது.

கான்டாக்டை உப்புத்தாள் வச்சு தேய்க்கிறது

முனைல இருக்குறது வெள்ளி கலந்த பூச்சு. தேய்ச்சா பளபளன்னு வரும், அன்னைக்கு ஓடும், பூச்சு போனப்புறம் முன்னைவிட சீக்கிரம் கருகும். கருகின டைமருக்கு வைத்தியம் கிடையாது, மாத்திடுங்க. தேங்காய் எண்ணெய் விடுறவங்களையும் பார்த்திருக்கேன், பல்சக்கரத்துல தூசி அப்பி டிக்டிக் சத்தமே நின்னுபோய் டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பாம மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும்.

மூடி சுவிட்சை டைரக்ட் பண்றது

மூடியைத் திறந்தா மோட்டாரை நிறுத்துற சுவிட்ச் அது, அதை விட்டுட்டு வயரை நேரா சேர்க்கிறதைத்தான் டைரக்ட்னு சொல்றோம். பண்ணாதீங்க. கஸ்டமரே கேட்டாலும் பண்ணாதீங்க. நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு மேல ஓடுற டப், வீட்ல குழந்தைங்க இருப்பாங்க.

டைமரை மாத்திட்டு உடனே கிளம்பிடறது

கான்டாக்ட் பெரும்பாலும் தானா கருகாது. அது ஏன் கருகுச்சுன்னு பார்க்காம புதுசு போட்டா அந்தப் புதுசும் கருகும். பிளக்கை எடுத்துட்டு, மூடியை மூடினா எவ்வளவு பிரேக் வயர் இழுபடுமோ அவ்வளவு இழுத்துப் புடிச்சுக்கிட்டு டப்பைக் கையால சுத்திப் பாருங்க. லேசா சுத்தி தானா மெதுவா நிக்கணும். கரகரன்னா அடியில ரப்பர் சீல் கிழிஞ்சு தண்ணி இறங்கி புஷ் (தண்டு சுத்துறதுக்குத் தாங்குற வளையம்) துரு ஏறியிருக்கும், மோட்டார் மேல துருத் தண்ணி வடிஞ்ச கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இறுக்கமா இருந்தா பிரேக் வயர் தளர்ந்து பிரேக் கட்டை முழுசா விலகாம உரசிக்கிட்டு இருக்கு. ரெண்டுலயும் மோட்டார் திணறும், திணறினா கரண்ட் அதிகமா இழுக்கும், அது டைமர் தலையிலதான் விடியும். பேனல் மேல ஈரத்துணியைக் குவிச்சு வைக்கிறாங்களான்னும் கேளுங்க, தண்ணி நாப் ஓட்டை வழியா நேரா டைமருக்குள்ளதான் இறங்குது. கடலோர ஊர்னா ஜாயிண்ட்ல பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், அதையும் வெட்டி எடுத்துட்டுப் புதுசா போடணும்.

கெப்பாசிட்டரைப் பெருசா போட்டா நல்லா இழுக்கும்னு நினைக்கிறது

மேல என்ன மைக்ரோஃபாரட் எழுதியிருக்கோ அதே. பெருசு போட்டா வைண்டிங் சூடேறும்.

நாபைப் பின்னாடி திருப்புறது

பழைய டைமர்ல பல்லு உடையும்.

வயரை முறுக்கி டேப் சுத்துறது

ஈரத்துல டேப் பிசின் விட்டுடும். வயர் முனைல மாட்டுற கேப் போட்டு அழுத்தி, அதோட வாய் கீழ பார்க்குற மாதிரி கட்டுங்க.