எம்பரர் பென்குயின் பொம்மை: தைக்கும் முறையும் குளிர் ரகசியமும்

கடையில் கிடைக்கும் பென்குயின் பொம்மைகளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர், ஆரஞ்சு நிறக் கால். பக்கத்தில் துணைக்கு ஒரு பனிக்கரடி வேறு. பனிக்கரடி வடதுருவப் பக்கத்து ஆள், பென்குயின் தெற்கே. இரண்டும் பார்த்துக்கொள்ள வழியே இல்லை. குல்லாவையும் மஃப்ளரையும் மாட்டிவிட்டால் அந்தப் பறவை குளிரை எப்படித் தாங்குகிறது என்ற கேள்வியே குழந்தைக்கு வராது. அதனால் அண்ணன் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் நானே தைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் எந்தப் பென்குயின் என்று முடிவு செய்யுங்கள். எல்லாப் பென்குயினும் பனியில் வாழ்வதில்லை. மும்பை பைகுல்லா பூங்காவில் இருக்கும் ஹம்போல்ட் பென்குயினின் சொந்த ஊர் பெரு, சிலி கடற்கரை. கலாபகோஸ் பென்குயின் பூமத்திய ரேகையிலேயே இருக்கிறது. குளிர்க் கதை சொல்ல எம்பரர்தான் சரி. அண்டார்டிகாவின் நடுக் குளிர்காலத்தில் முட்டையிட்டு அடைகாக்கும் ஒரே பென்குயின் அதுதான்.

கறுப்பு, வெள்ளை ஃபெல்ட் துணி, காதோரத்துக்கு மஞ்சள் துண்டு, உள்ளங்கை அளவு ரோஸ் சாட்டின், சிவப்பு நீல எம்பிராய்டரி நூல், தலையணைக்குப் போடும் ஃபைபர் பஞ்சு. இவ்வளவுதான். இலவம் பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும், வேண்டாம். கண்ணுக்குப் பொத்தான் வைக்காதீர்கள். எதையும் பிய்த்து வாயில் போடும் தம்பியோ தங்கையோ அந்த வீட்டில் இருக்கலாம். சாம்பல் நூலில் சின்ன வட்டம் போட்டால் போதும்.

செய்தித்தாளில் 25 செ.மீ. உயர நீள்வட்டம் வரைந்து, மேல்பாதியைக் கொஞ்சம் ஒடுக்கி வெட்டுங்கள். அதை வைத்துக் கறுப்பில் இரண்டு துண்டு. முன்துண்டின் மேல் வெள்ளை வயிற்றைத் தைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து, பஞ்சு திணிக்கக் கொஞ்சம் இடம் மட்டும் விட்டு, ஓரம் முழுக்கக் காஜா தையல் போடுங்கள். ஃபெல்ட் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். இறக்கை இரண்டும் அலகும் தனியாக.

பஞ்சை இறுகத் திணிக்காதீர்கள். எம்பரரின் தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கிறதுதான், ஆனால் நிலத்தில் நிற்கும்போது குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு இறகுகளுக்குள் சிக்கிய காற்றுக்குத்தான். வெளியே விறைப்பான இறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து காற்றை உள்ளே விடாது; அடியில் பூம்பஞ்சு போன்ற தூவி. இந்தத் தடுப்பு எவ்வளவு கெட்டி என்றால், 2008இல் அண்டார்டிகாவின் அடேலி நிலப்பகுதியில் வெப்பக் கேமராவில் படம் எடுத்தபோது, இறகின் மேற்பரப்பு சுற்றியிருந்த காற்றைவிடவும் குளிர்ந்திருந்தது. உள்ளே உடம்பு ஏறக்குறைய 38 டிகிரியில் இருக்கிறது, வெளியே கசிவது மிகக் கொஞ்சம்தான்!

இனி கால். கறுப்பாகவே இருக்கட்டும், ஆரஞ்சுக் கால் ஜென்டூ பென்குயினுக்கு உரியது. ஒவ்வொரு காலிலும் சிவப்பு நூலையும் நீல நூலையும் ஒட்டி ஒட்டி இரண்டு கோடாக ஓடவிடுங்கள். உடம்பிலிருந்து இறங்கும் சூடான ரத்தக் குழாயும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த குழாயும் இப்படித்தான் நெருங்கி ஓடுகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதற்குக் கொடுத்துவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும், உடம்பின் சூடு பனியில் வீணாகாது.

வாலுக்குள் ஒரு பிளாஸ்டிக் அட்டைத் துண்டு வைத்து விறைப்பாகத் தைத்தால், பொம்மை இரண்டு குதிகாலிலும் வாலிலுமாக மூன்று புள்ளியில் நிற்கும். கடுங்குளிரில் நிஜ எம்பரரும் அப்படித்தான், விரல்களைப் பனியிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கும்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிப்பது முட்டைப் பை. வயிற்றின் அடியில் வெள்ளை மடிப்பு ஒன்று தொங்கவிட்டு, உள்பக்கம் ரோஸ் சாட்டின் தையுங்கள். அந்த இடத்தில் எம்பரருக்கு இறகு கிடையாது. ரத்த ஓட்டமுள்ள வெறும் தோல் முட்டையைத் தொட்டுச் சூடேற்றும். முட்டை ஒன்றே ஒன்று, நிஜத்தில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை ஆணிடம் ஒப்படைத்துவிட்டுப் பெண் கடலுக்குப் போய்விடும். ஆண் சுமார் 65 நாள் பாதத்தின் மேல் வைத்து அடைகாக்கும். ஜோடி சேர வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய நான்கு மாதம் பட்டினி. இதை என் அண்ணியிடம் சொன்னபோது அவர் அண்ணனைப் பார்த்த பார்வை தனிக்கதை.

பொம்மையோடு ஒரு விளையாட்டையும் எழுதி வையுங்கள். மூடியுள்ள ஒரே மாதிரி சிரப் பாட்டில் எட்டு எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி மூட வேண்டும். ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஆறை நெருக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். எட்டாவது தனியாக. எல்லாம் ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தால் தனி ஆள் நன்றாக ஆறியிருப்பார், நடுப் பாட்டில் இன்னும் சூடாக இருக்கும். எம்பரர்களும் இப்படித்தான் கூட்டமாக நெருக்கி நின்று குளிரைத் தாங்குகின்றன. அந்தக் கூட்டத்தின் நடுவே 37 டிகிரி வரை அளந்திருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால் பாட்டில் நகராது. அவை அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும், கூட்டம் கலைந்து கலைந்து சேரும்.

தைக்க வராதா? சார்ட் பேப்பரை ஒட்டி உயரப் பட்டை வரைந்து கொடுங்கள். எம்பரர் சுமார் 115 செ.மீ., அடேலி பென்குயின் 70, ஆஸ்திரேலியாவின் குட்டிப் பென்குயின் 33. ஸ்வெட்டர் போட்டே ஆக வேண்டும் என்று குழந்தை அடம் பிடித்தால் இந்தக் குட்டிக்குப் போடலாம். அங்குள்ள பிலிப் தீவில் கடல் எண்ணெய்க் கசிவில் மாட்டியவற்றுக்கு நிஜமாகவே ஸ்வெட்டர் போடுவார்கள். அது குளிருக்காக அல்ல, எண்ணெயைக் கொத்தி விழுங்காமல் இருக்க.

முட்டையை ஐந்து செ.மீ.க்குக் குறையாமல் தையுங்கள். கொடுக்கும்போது ஒன்றுதான் கொடுக்க வேண்டும், ஆனால் இரண்டாவதாக ஒன்று தைத்து உங்கள் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் போன் வரும்.