உதவித் திட்டம் உண்மையில் உதவுகிறதா? முதன்முறை மதிப்பீடு செய்பவருக்கு

1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் சிறுவர்களுக்கான ஒரு திட்டம் தொடங்கியது. மொத்தம் 506 பேர். வயது, குடும்பச் சூழல் எல்லாம் பார்த்து இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, காசு சுண்டிப் போட்டு ஜோடியில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்கு ஆலோசகர், படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று பலவும் கிடைத்தன. மற்றவனுக்கு எதுவும் இல்லை. சுமார் 30 ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் "அது எனக்கு நல்லது செய்தது" என்றார்கள். பதிவேடுகளோ வேறு கதை சொல்லின. குற்றங்கள் குறையவில்லை, குடிப்பழக்கம், கடுமையான மனநோய், சீக்கிரமே இறந்துபோவது போன்ற சிலவற்றில் உதவி பெற்றவர்கள் நிலைதான் மோசம். இந்த முடிவுகள் 1978-இல் வெளிவந்தன.

வன்முறைக்கு ஆளானவர்களுக்கும், வன்முறையின் பக்கம் சாயக்கூடிய இளைஞர்களுக்கும் திட்டம் நடத்துகிற பலர் கடைசி நாளில் ஒரு தாளை நீட்டி "உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்பதையே மதிப்பீடு என்கிறார்கள். அன்போடு நடத்தியவரிடம் யார்தான் இல்லை என்பார்? அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம், ஓரமாக வையுங்கள். வேலையை இப்படித் தொடங்கலாம்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"திட்டம் நன்றாகப் போகிறதா?" என்பதற்கு என்ன பதிலும் சொல்லலாம். யாருக்கு, எது, எவ்வளவு காலத்தில் மாற வேண்டும் என்று எழுதுங்கள். உதாரணமாக: "6 மாதம் ஒரு வழிகாட்டியோடு பழகிய 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள், அடுத்த 6 மாதத்தில் அடிதடியில் இறங்குவது குறைகிறதா?"

அப்புறம், திட்டத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் நடுவில் என்னென்ன நடக்க வேண்டும் என்று சங்கிலிபோல் எழுதுங்கள். வழிகாட்டி வாரம் ஒருமுறை சந்திக்கிறார். பையனுக்கு அவர்மேல் நம்பிக்கை வருகிறது. சண்டை மூளும்போது அவருக்குப் போன் செய்கிறான். முதல் கண்ணியே அறுந்திருந்தால், அதாவது 24 சந்திப்பில் 7தான் நடந்திருந்தால், கடைசிக் கண்ணியை அளப்பது வீண். சந்திப்புப் பதிவேட்டை முதலில் பார்ப்பது அதனால்தான். வழியெல்லாம் அளந்துவிட்டுக் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பதுபோல எரிச்சல் வேறில்லை.

படி 2: கேட்பதாலேயே யாருக்கும் ஆபத்து வரக்கூடாது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். குடும்ப வன்முறைக்கு ஆளான ஒருவருக்கு நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியை, அவரை அடிப்பவரே முதலில் படிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் இதற்கென்றே நெறிமுறைகள் வெளியிட்டது. பேட்டி தனிமையில் நடக்க வேண்டும். கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும். யாராவது உள்ளே வந்தால் சட்டென மாறிக்கொள்ள வேறொரு பேச்சு தயாராக இருக்க வேண்டும். நீரின் தரம், பிள்ளைகளின் தடுப்பூசி, ஏதாவது ஒன்று. அதற்கென்று ஒரு பொய் வினாத்தாளே கையில் வைத்திருப்பது நல்லது.

தொலைபேசியில் என்றால் திட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். எந்த எண், எந்த நேரம், வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்வது என்பதையெல்லாம் சேரும் நாளிலேயே அவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அழைத்தவுடன் முதல் கேள்வி: "இப்போது பேசலாமா?" அவர் "ராங் நம்பர்" என்றால், சரி என்று வைத்துவிட வேண்டும்.

வினாத்தாளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு இடத்தில் பூட்டியிருக்கட்டும். பதில் சொல்ல மறுத்தாலும் சேவை நிற்காது என்பதை வாயால் சொல்லுங்கள், தாளில் அச்சடித்தால் மட்டும் போதாது. நடந்த கொடுமையின் விவரம் உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் அதைக் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருக்கும் ஊழியருக்கும் அது உள்ளே தங்கும். அவர் மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும்.

படி 3: எதை அளப்பது

ஆயத்த அளவுகோல்கள் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய அறிகுறிகளுக்கு பிசிஎல்-5: 20 கேள்வி, மதிப்பெண் 0 முதல் 80 வரை. பிள்ளைகளின் நடத்தை, உணர்ச்சிகளுக்கு எஸ்டிக்யூ: 25 கேள்வி. இவை நல்லவைதான். ஆனால் மீண்டு வரும் ஒரு பெண் எதை "தேறிவிட்டேன்" என்கிறாள் என்பது இவற்றில் இல்லாமல் போகலாம். தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, விடியும்வரை தூக்கம், பிள்ளை தடையில்லாமல் பள்ளிக்குப் போவது. அவர்களில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து பட்டியலை எழுதுங்கள்.

கேள்வியின் சொற்களிலும் வேலை இருக்கிறது. "நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்றால் எல்லோரும் "ம்" என்பார்கள். "கடந்த 4 வாரத்தில், ஒருவர் என்ன செய்வாரோ என்று பயந்து வெளியே போகாமல் இருந்தது எத்தனை நாள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எண்ணாக வரும், 6 மாதம் கழித்து ஒப்பிடவும் முடியும்.

எண்கள் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. திட்டம் தொடங்கியதும் வன்முறைப் புகார்கள் கூடினால் பதறாதீர்கள். அடங்கிக் கிடந்தவர்கள் இப்போதுதான் வாய் திறக்கிறார்கள் என்றும் இருக்கலாம். இளைஞர்களின் கைது எண்ணிக்கையும் அப்படித்தான். போலீஸ் ரோந்து கூடினாலும் அது கூடும். எனவே ஒரே எண்ணை நம்பாமல், பிள்ளைகளே சொல்வது, பள்ளி வருகை, கைது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: எதோடு ஒப்பிடுவது

மனிதர்கள் உதவி தேடி வருவது நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரத்தில். அடுத்த சில மாதங்களில் எதுவும் செய்யாமலே ஓரளவு தேறுவார்கள். அறிகுறி மதிப்பெண் முன்பு 52, பின்பு 38 என்று காட்டிப் பெருமைப்படுவதற்கு முன், திட்டத்தில் சேராதவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். இடங்கள் குறைவு, வருபவர் அதிகம் என்றால் குலுக்கல் போடலாம். காத்திருப்புப் பட்டியலே ஒப்பீட்டுக் குழு ஆகிவிடும். ஆனால் உயிருக்கு ஆபத்தில் இருப்பவரைக் குலுக்கலில் போடக்கூடாது. அவர் நேரே உள்ளே.

சிகாகோவில் "பிகமிங் எ மேன்" என்ற திட்டத்தை, பதின்வயதுப் பையன்களுக்கு நிதானமாக யோசித்து நடக்கக் கற்றுத்தருவது அது, குலுக்கல் முறையில் சோதித்தார்கள். திட்டம் நடந்த காலத்தில், வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. திட்டம் முடிந்தபின் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. எனவே முடியும் நாளில் ஒருமுறை, குறைந்தது 6 மாதம் கழித்து மறுமுறை அளங்கள். ஒப்பீட்டுக் குழுவே கிடைக்கவில்லையா? அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: கணக்குப் போடுவது

ஒரு கற்பனைத் திட்டம். சேர்ந்தவர்கள் 120. 6 மாதம் கழித்துப் பேச முடிந்தது 45 பேரோடு. அவர்களில் 36 பேர் நிலைமை மேம்பட்டது என்கிறார்கள். அறிக்கையில் "80 சதவீத வெற்றி" என்று போடக் கை பரபரக்கும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் அது 30 சதவீதம். இரண்டையும் எழுதுங்கள்.

முடிவுகளைப் பிரிக்கும்போது சின்ன எண்களை மறையுங்கள். "50 வயதுக்கு மேல்: 1" என்று அட்டவணையின் ஒரு கட்டத்தில் இருந்தால், அக்கம்பக்கத்தில் யார் என்று தெரிந்துவிடும்.

பேச முடியாமல் போனவர்கள் மிச்சம் 75 பேர். அவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணவும் வேண்டாம், வீடு வீடாகத் துரத்தவும் வேண்டாம். அவர்கள் சம்மதித்த எண்ணில், சம்மதித்த நேரத்தில் இரண்டு அழைப்பு போதும். அப்புறம் கள ஊழியர்களோடு உட்கார்ந்து, யார் எந்த வாரத்தில் வருவதை நிறுத்தினார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள். பாதிப் பேர் மூன்றாவது வாரத்தில் நின்றிருந்தால், அந்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். சிலர் யாருக்கும் முகவரி சொல்லாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குத் தப்பிப் போயிருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை திட்டம் வேலை செய்திருக்கிறது. உங்கள் அட்டவணையில் மட்டும் அவர்கள் "தொடர்பு இல்லை" என்ற கட்டத்தில் இருப்பார்கள்.